மாதம்மாளின் வலது முழங்கால்

அம்மா இறந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவளை எழுந்து பத்து அடி நடக்கச் சொன்னது அவள் முழங்கால் மூட்டைச் செய்த கம்பெனி.

"வணக்கம், நான் மித்ரா. மூட்டு நேராக இறுகியிருந்தால் கவலைப்பட வேண்டாம். பயனாளியை மெதுவாக எழுப்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். மூட்டு தானாகத் தளர்ந்துவிடும்."

"ஏம்மா, அவிய செத்துப்போயிட்டாங்கன்னு இப்பத்தானே சொன்னேன்" என்றேன்.

"உங்கள் சிரமம் புரிகிறது. பத்து அடி முடியாவிட்டால் ஐந்து அடி போதும்."

போனைச் சுவரில் எறிந்திருப்பேன். அம்மாவின் காலை மடக்க எனக்கு இருந்த ஒரே வழி அந்தப் போன்தான் என்பதால் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

என் பெயர் நஞ்சப்பன். கோவை கணபதியில் லேத் பட்டறை. முப்பது வருடமாக இரும்பு கடைகிறேன். துருப்பிடித்து இறுகிய போல்ட்டு, தண்ணீருக்குள் கிடந்த பம்ப் ஷாஃப்ட், எவனும் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பிய பூட்டு, எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும். திறக்காமல் ஒன்றையும் திருப்பி அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவன் பெற்ற தாயின் முழங்காலைத் திறக்க முடியாமல் ஒரு பொம்மைக் குரலிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

ஏன் மடக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களில் இறந்தவரைப் படுக்கவைத்து அடக்கம் செய்வதில்லை. உயிர் போன சூட்டோடு சம்மணம் போட்டு உட்காரவைத்து, கால்களை வெள்ளைத் துணியால் கட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிவிடுவோம். உடம்பு அப்படியே விறைத்துக்கொள்ளும். நாற்காலி மாதிரி பாடை கட்டி, ஊரைப் பார்த்தபடி கொண்டுபோவோம். குழியும் சதுரம்தான். என் அப்பா உட்கார்ந்துதான் போனார். படுத்துப் போவதென்றால் கேட்க ஆளில்லாமல் போனதாக அர்த்தம்.

விறைக்கும் வரைதான் நேரம். மூன்று மணி நேரம், மிஞ்சினால் நான்கு. காலை ஆறு மணிக்குக் காபி கொண்டுபோன என் மனைவி தெய்வானைதான் முதலில் பார்த்தாள். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் குழைத்துப் பூசிய திருநீற்றில் ஈரம் முழுதாகக் காயவில்லை. இடது கால் சொன்னபடி மடங்கியது. வலது கால் கடப்பாரை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

அம்மாவின் தம்பி மருதாசலம் மாமா அடுத்த தெரு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கே வந்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் சொல் கடைசிச் சொல். அவர் அம்மாவின் வலது காலை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை இது, இரும்பாட்ட நிக்குது?"

"இரும்புதாங்க மாமா. உள்ள பூட்டிக்கிச்சு."

"அப்பத் திறங்க. நீங்க பாக்காத பூட்டா?"

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் டாக்டர் இளம்பரிதியிடம் போனோம். அப்போது அம்மாவால் வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இரண்டு தடவை உட்காராமல் நடக்க முடியாது. இடுப்பா முழங்காலா என்பதே எனக்குக் குழப்பம். டாக்டர் திரையில் படத்தைப் போட்டுக் காட்டினார்.

"இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள்ள சுத்தற பந்து மாதிரி. விழுந்து உடைஞ்சாலோ தேஞ்சாலோ பந்தையும் கிண்ணத்தையும் மாத்துவோம். இவங்களுக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்கு. முழங்கால்தான் போயிடுச்சு."

"மிசின்ல புஷ் தேயற மாதிரி தேஞ்சுபோச்சுங்களா?" என்றேன்.

"அதேதான். ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்கற குருத்தெலும்பு சுத்தமா இல்ல. எலும்பும் எலும்பும் உரசுது."

"ஓட்டை போட்டு உள்ள கழுவி உட்டாப் போதும்னு எங்க பட்டறைக்கு வர்றவர் சொன்னாருங்க."

"அது நுண்துளை ஆபரேஷன். விளையாடற பசங்களுக்கு உள்ள சவ்வு கிழிஞ்சு மாட்டிக்கிட்டா அது நல்லது. இவ்வளவு தேஞ்சதுக்கு அப்புறம் கழுவி ஒண்ணும் ஆகப்போறதில்ல. கால் வளைஞ்சுபோன நடுவயசுக்காரங்களா இருந்தா எலும்பை வெட்டி நேராக்கி, பாரத்தைத் தேயாத பக்கத்துக்கு மாத்தி விடுவோம். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா பாதி மூட்டு போட்டாப் போதும். அம்மாவுக்கு எல்லாப் பக்கமும் போச்சு. முழு மூட்டுதான்."

அம்மா பயந்துபோனாள். "காலை அறுத்துப் போடுவீங்களா சாமி?"

"இல்லம்மா. தேஞ்சுபோன மேல்பரப்பை மட்டும் சீவிட்டு, தொடை எலும்பு நுனிக்கு ஒரு உலோக மூடி, கீழ் எலும்புக்கு ஒரு தட்டு, நடுவுல வழுக்கறதுக்கு ஒரு பிளாஸ்டிக். அவ்வளவுதான். மறுநாளே நடக்க வெச்சுடுவோம். ஆனா வலியோட பயிற்சி செய்யணும். பாதி ஆபரேஷன் நான் செய்யறது, மீதிப் பாதி நீங்க செய்யறது."

எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை வந்தது. வேலை தெரிந்தவன் பேச்சு அது. அப்புறம்தான் அவர் புது மாதிரி மூட்டைப் பற்றிச் சொன்னார். அதற்குள் ஒரு அரிசி அளவு அறிவும் ஒரு பூட்டும் உண்டு. நடக்கிற நடையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கால் தடுமாறினால் பிடித்துக்கொள்ளும், மயங்கினால் நேராக இறுகி நிறுத்தும். நூற்றுப்பத்து டிகிரிக்கு மேல் மடங்க விடாது, ஏனென்றால் அதற்கு மேல் மடக்கி மடக்கி எழுந்தால் பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கீழ உக்காரலாங்களா?"

"நாற்காலிதாம்மா நல்லது. தசையெல்லாம் நல்லாத் தேறினதுக்கு அப்புறம், எப்பவாச்சும் ஒரு பத்து நிமிஷம், பக்கத்துல ஆள் இருந்தா உக்காரலாம். மூட்டுகிட்ட வாயால கேட்டீங்கன்னா அது உங்க பையன்கிட்ட அனுமதி கேக்கும். அவர் சரின்னா விடும்."

"அவன் சரிம்பான்" என்றாள் அம்மா.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பொய் சொல்லக் கூடாது. இரண்டாவது மாதம் அம்மா தனியாகக் கோயிலுக்குப் போனாள். ஓட்டுநர் இல்லாத டவுன் பஸ்ஸில் ஏறி உக்கடம் வரை போய் வந்து, பஸ் யாரையும் திட்டவில்லை என்று ஆச்சரியப்பட்டாள். பூஜை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி. அது அவளுக்கு ஒப்பவில்லை. சாமி தரையில் இருக்க நான் மேலே உட்காருவதா என்று ஒரு தடவை சொன்னாள். டாக்டர் சொன்னதைக் கேளு என்று நான் கத்தினேன். அதற்கப்புறம் என்னிடம் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் கம்பெனி கொடுத்த ஒரு சின்னப் பெட்டி இருக்கும். விடிகாலையில் அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் முணுமுணுவென்று கேட்கும். ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நானும் தெய்வானையும் நினைத்துக்கொள்வோம்.

அந்தக் கம்பெனி கொடுத்த தொல்லை கொஞ்சமா? ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் பட்டறையில் கை முழுக்க கிரீஸோடு நிற்பேன், போன் அலறும். மூட்டு நலமா, இன்றைய அடிகள் இத்தனை, வாழ்த்துகள், உங்கள் கருத்து என்ன, ஐந்தில் எத்தனை நட்சத்திரம். ஒரு நாள் அதைப் பார்க்கத் திரும்பி, விரல் போக இருந்தது. அன்றைக்கே அதில் வந்த கேள்விக்கெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று அமுக்கி ஒரேயடியாக வாயை அடைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் நிம்மதியாக வேலை ஓடியது.

ஏழேகாலுக்கு டாக்டருக்குப் போன் போட்டேன். எழுந்தவுடன் எடுத்தார் போல. "ரொம்ப வருத்தமா இருக்கு நஞ்சப்பன்" என்றார். அப்புறம், "பூட்டு கம்பெனி கையில இருக்கு. என்கிட்ட சாவி இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தா தையல் போட்ட இடத்துலயே திறந்து மூட்டை எடுத்துடலாம்."

மாமாவிடம் சொன்னேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். "உசுரோட இருக்கறப்ப அறுத்தது போதும். போறப்பவும் அறுக்கோணுமா? முழுசா போகட்டும் என்ற அக்கா."

"படுத்தே போகட்டுங்களா அப்ப?"

"அதெப்படிப் போகும்? உட்கார வைங்க."

அறுக்கவும் கூடாது, படுக்கவும் கூடாது. நான் என்னதான் செய்ய? வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இரும்புத்தூள் வாருவதற்கு வைத்திருந்த பெரிய காந்தத்தைக் கொண்டுவந்து அம்மாவின் முழங்கால்மேல் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கட்டில் பக்கத்துப் பெட்டி மட்டும் பேசியது.

"காந்தப் பொருட்களை அகற்றவும். பயனாளியின் பாதுகாப்பே எங்கள் நோக்கம்."

மருத்துவமே படிக்காத தெய்வானைக்குக்கூட அந்தப் பயனாளிக்கு இனி என்ன பாதுகாப்பு என்று தெரிந்திருந்தது. அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினாள்.

பட்டறையிலிருந்து டூல்ஸ் பையையும் கொண்டுவந்திருந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியாது. பழக்கம். பையைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பைப் ரெஞ்சைத் தொட்டேன். அம்மாவின் கால் சின்னதாக இருந்தது. கணுக்காலில் கொலுசு போட்ட மாதிரி ஒரு பழைய தழும்பு, நான் குழந்தையாக இருந்தபோது வெந்நீர் கொட்டியது.

"அந்தப் பையை வெளிய வைங்க" என்றாள் தெய்வானை. குரலை உயர்த்தவில்லை.

வெளியே கொண்டுபோய் வைத்தேன். மணி எட்டே முக்கால். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் உள்ளே பார்த்துவிட்டு, "இன்னும் உட்கார வெக்கலீங்களா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். ஒவ்வொருவரும் கம்பெனியைத் திட்டினார்கள். பெரியப்பா மகன் அவர்கள்மேல் கேஸ் போடலாம் என்றான். எனக்கும் அதில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மித்ராவிடம் ஆறு தடவை பேசினேன். ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏழாவது தடவை பாட்டுப் போட்டு இருபது நிமிடம் காக்கவைத்து, கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்தது.

"சார், ஜெபசெல்வி பேசறேன். விவரம் பார்த்தேன். அம்மாவுக்காக வருத்தப்படறேன் சார்."

அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் அந்தப் பெண்மேல் கொட்டினேன். மனுசங்க உடம்புக்குள்ள பூட்டு போட்டுச் சாவியை நீங்க வெச்சுக்கறதுக்கு யார் உங்களுக்கு உரிமை குடுத்தது, எங்க வழக்கம் என்னன்னு கேட்டீங்களா, கீழ உக்காராத ஊர்லயா இதைச் செஞ்சீங்க என்று வாசலில் நின்று கத்தினேன். தெருவே பார்த்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் கேட்டாள்.

"சார், பக்கத்துல யாராவது இருக்காங்களா? கொஞ்சம் தனியாப் போய் நின்னுக்கறீங்களா?"

"எதுக்கு? எல்லாரும் கேக்கட்டும்."

"பரவாயில்ல சார், தனியாவே நின்னுக்கங்க."

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுப் பக்கம் போனேன். தெய்வானையும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"சார், உயிர் போனா எங்க மூட்டு ஒரு மணி நேரத்துல தானாத் தளர்ந்துடும். அப்படித்தான் செஞ்சிருக்கோம். உங்களை மாதிரி வழக்கம் இருக்கறவங்க எங்ககிட்ட நிறையப் பேர் இருக்காங்க."

"பின்ன ஏன் தளரல?"

"இதுல பொறுப்பாளரோட நிலையான உத்தரவு ஒண்ணு இருக்கு சார். 'மடக்க அனுமதிக்காதே. எப்போதும் மறு. என்னிடம் கேட்காதே.' அது இருக்கற வரைக்கும் மூட்டு தளராது."

"எவன் அந்தப் பொறுப்பாளர்?"

"நஞ்சப்பன்னு இருக்கு சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. காலை பதினொண்ணு பத்துக்கு."

காலை பதினொன்று பத்து. பட்டறை நேரம். கையில் கிரீஸ்.

"அதை எடுத்துடுங்க" என்றேன்.

"எங்களால முடியாது சார். பிள்ளைங்க பெரியவங்களை அடைச்சு வெக்கறாங்கன்னு நிறையப் புகார் வந்து, உத்தரவை மாத்தணும்னா பயனாளியோட குரல் வேணும்னு விதி வந்துடுச்சு."

"அவ எங்க இனிப் பேசறது?"

"பேசியிருக்காங்க சார். ஆயிரத்து முப்பத்தொரு தடவை கேட்டிருக்காங்க. எல்லாம் அவங்க குரல்லயே பதிவா இருக்கு. உங்க உத்தரவுப்படி எல்லாத்தையும் மூட்டே மறுத்துடுச்சு. அதுல ஏதாவது ஒண்ணை நீங்க இப்ப அனுமதிச்சாப் போதும். திறந்துடும். கடைசியா வந்ததை அனுப்பறேன். சட்டப்படி நீங்க அதை முழுசாக் கேக்கணும் சார்."

போன் திரையில் வந்தது. இன்று, காலை நான்கு ஐம்பது. கீழே அனுமதி, மறு என்று இரண்டு கட்டம். இரண்டும் மங்கலாக இருந்தன, கேட்டு முடித்தால்தான் தெளியும். நான் அமுக்கினேன்.

அம்மாவின் குரல். முணுமுணுவென்று, நாங்கள் மந்திரம் என்று நினைத்த அதே குரல்.

"ஏனுங்க, நாந்தானுங்க மாதம்மா. இன்னைக்காச்சும் ஒருக்கா உடுங்க. கீழ உக்காந்து திருநீறு பூசிக்கிட்டு எந்திரிச்சுக்கறேன். ரொம்ப நேரமெல்லாம் வேண்டாமுங்க. என்ற பையன்கிட்டக் கேளுங்க, சரிம்பான். பட்டறை நேரத்துல மட்டும் கேக்காதீங்க. மிசின்ல கை வெச்சிருப்பான். சாப்பிட்டு வந்தப்பறம் கேளுங்க."

அவ்வளவுதான். பின்னால் பெட்டியின் குரல் அனுமதி இல்லை என்று சொன்னது. அதற்கு அம்மா, "சரிங்க" என்றாள்.

தெய்வானை துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் விரலை வேட்டியில் துடைத்தேன். கையில் கிரீஸ் எதுவும் இல்லை, ஆனாலும் துடைத்தேன். அனுமதி என்பதை அமுக்கினேன்.

"திறந்துடுச்சு சார்" என்றாள் ஜெபசெல்வி. அப்புறம், "மத்ததெல்லாம் உங்களுக்கு வேணுமா சார்?" என்று கேட்டாள்.

"வேணும்" என்றேன். "எல்லாத்தையும் அனுப்புங்க."

உள்ளே போனபோது மாமா அம்மாவின் வலது முழங்காலுக்கு அடியில் கை கொடுத்திருந்தார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது என்றார். விறைப்பு அப்போதுதான் தாடையில் தொடங்கியிருந்தது, காலுக்கு இன்னும் இறங்கவில்லை. நானும் அவருமாகச் சேர்ந்து மடக்கினோம். எந்தத் தடையும் இல்லாமல் மடங்கியது. வெள்ளைத் துணியால் கட்டி, சுவரில் சாய்த்து, தரையில் உட்காரவைத்தோம். மூன்று வருடத்துக்கு அப்புறம் அம்மா கீழே உட்கார்ந்தாள்.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வழிக்கு வந்துட்டானுங்களா கம்பெனிக்காரனுங்க? நல்லாக் கேட்டீங்க மாப்பிள்ளை. பாவி, ஒரு வயசானவளைப் பூட்டி வெச்சு என்னத்தைக் கண்டான்?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வார்த்தை திட்டினார்கள். பெரியப்பா மகன் கேஸ் போடாமல் விடக்கூடாது என்றான். காலையிலிருந்து அவர்களோடு சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தவன் நான். தெய்வானை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி இல்லீங்க மாமா" என்றேன். "நாந்தானுங்க."

அவருக்குப் புரியவில்லை. துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்து, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். "ரொம்ப நேரமா நிக்கறீங்க, உக்காருங்க மாப்பிள்ளை."

நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். எனக்கும் ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டது. முழங்கால் இரண்டும் கடகடவென்று சத்தம் போட்டன. யாரையும் கேட்காமல் மடங்கின.